எடுத்து வைத்த மின்சாரம்

லாண்டரியில் அவரை எல்லோரும் ரிசர்வ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற பெரிய லாண்டரி அது. அதற்கு அவர்தான் எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் இரண்டு டெஸ்டர், தோள்பையில் மூன்று டார்ச், அதே பையின் அடியில் உறை பிரிக்காத புதுக் குடை ஒன்று. மழை கொட்டினாலும் கம்பி வளைந்த பழைய குடையைத்தான் விரிப்பார். "புதுசு இருக்கே அண்ணே?" என்று கேட்டால், "அது அவசரத்துக்கு" என்பார். தொப்பலாக நனைந்து நிற்கிற மனிதருக்கு அதைவிட என்ன அவசரம் வரப்போகிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சேர்த்து வைத்த லீவு மட்டும் நூற்றுப் பத்து நாள். தன் கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் எடுத்தார், அதிலும் மூன்றாம் நாள் மத்தியானமே வந்து ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால் கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். யாரும் கேட்காதவரை எடுத்து வைப்பார், அவ்வளவுதான்.

அவருடைய தங்கச்சியும் அங்கேதான் வேலை பார்த்தாள். அயர்ன் செக்‌ஷனுக்கு அவள் தலைவி. அந்த ஹாலில் கட்டில் நீளத்துக்கு இரண்டு ரோலர் மெஷின்கள். கொதிக்கிற உருளைக்கு அடியில் ஈர பெட்ஷீட்டை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி வந்து விழும். கொடுக்கவும் வாங்கவும் மடிக்கவுமாக அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள்.

இந்தப் பன்னிரண்டு பேருக்கும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்தான் வில்லங்கம். ஊரில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுகிற வேளை அது. அந்த நேரத்தில் லாண்டரி இருநூறு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது மின்சார ஆபீஸின் கறாரான உத்தரவு. மீட்டர் ஒவ்வொரு அரை மணிக்கும் சராசரி எடுத்து எழுதிக்கொள்ளும். மாதத்தில் ஒரே ஒரு அரை மணி தாண்டினாலும் போச்சு, இருநூறையும் குறைத்துவிடுவார்கள். வாஷிங் மெஷினை நிறுத்த முடியாது, டிரையரை நிறுத்த முடியாது, ஆஸ்பத்திரி காத்திருக்காது. மிச்சம் இருந்தது அயர்ன். அதனால் ஐந்து மணிக்கு ரோலரை அணைத்துவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பப் போட்டு, ஒன்பது வரைக்கும் ஓட்டுவார்கள்.

நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் அந்தப் பெண்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. வீட்டுக்குப் போய்த் திரும்பப் பஸ் ஒத்துவராது. ஸ்டோர் ரூமில் துணி மூட்டைகள் மேல் சாய்ந்துகொண்டு, கூரையில் ஓடுகிற பைப்பை எண்ணிக்கொண்டு கிடப்பார்கள். ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருந்து தங்கச்சி வீடு போய்ச் சேரும்போது மணி பத்து ஆகிவிடும். அவளுடைய ஐந்து வயசு மகள் குட்டி அதற்குள் தூங்கிப்போயிருப்பாள். கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அண்ணனும் அண்ணியும் மாடி வீட்டில் இருந்ததால் குட்டிக்குச் சோறும் கதையும் குறைவில்லாமல் கிடைத்தன. ஆனால் தினமும் எட்டு மணிக்கு, கண் சொக்கும்போது, "மாமா, அம்மா எப்ப வரும்?" என்று கேட்பாள். ஏழரைக்கே வீடு திரும்பிவிடுகிற ரிசர்வ்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வந்துடுவா, கண்ணை மூடு என்பார். மூடின கண் காலையில்தான் திறக்கும். "தூங்குற பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடுறதுக்குத்தான் நான் அம்மாவா அண்ணே?" என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள்.

அப்போதுதான் பேட்டரி வந்தது. பீரோ உயரத்தில் நான்கு சாம்பல் நிறப் பெட்டிகள், முன்பக்கம் ஒரு சின்னத் திரை, பச்சை விளக்கு. கூடவே பொருத்துவதற்கு ஓர் இன்ஜினீயர், ரிசர்வுக்கு மகள் வயசு இருக்கலாம். லாண்டரி முழுக்க அவளைப் பேட்டரிக்காரப் பொண்ணு என்றார்கள். விஷயம் எளிதுதான். சும்மா கிடக்கிற பகல் நேரத்தில் பேட்டரி நிரம்பிக்கொள்ளும். ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் லாண்டரிக்கு இருநூறுக்கு மேல் எவ்வளவு தேவையோ அதைப் பேட்டரி கொடுக்கும். மீட்டருக்கு இருநூறுதான் தெரியும். ரோலர் நிற்க வேண்டாம்.

மேனேஜர் பன்னிரண்டு பெண்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "முப்பது நாள் பாக்கலாம். அஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் நாமளா அயர்னை நிறுத்தக் கூடாது, மீட்டரும் இருநூறைத் தாண்டக் கூடாது. ரெண்டும் நடந்துச்சுன்னா நடுவுல இடைவெளி இல்லாம நிரந்தரமா நேர் ஷிப்ட், ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு. ஒரு தடவை தவறினாலும் பெட்டி கையை விட்டுப் போயிடும். இன்னொரு கிளைக்காரங்க எப்பக் குடுப்பேன்னு நச்சரிச்சிக்கிட்டு இருக்காங்க."

பெட்டியைப் பொருத்திய அன்று பேட்டரிக்காரப் பொண்ணு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் விளக்கினாள். திரையின் சாவியை அவர் கையில் கொடுத்தாள். பேட்டரி பத்து பர்சன்ட்டுக்குக் கீழே போகாமல் வைத்திருப்பதாகவும், அதை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னாள். கரண்ட் போவதைப் பற்றிக்கூட ஏதோ சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து ரிசர்வ், பார்சலில் வந்த ஸ்குரூக்களையும் தெர்மோகோலையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டு மேஜைக்கு அடியில் உருண்டு போய்விட்டது. அவள் பேசி முடிக்கும்வரை அவர் தலை மேஜைக்கு அடியில்தான் இருந்தது.

நேர் ஷிப்ட் தொடங்கிய முதல் நாள் தங்கச்சி ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். குட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை விட்டு எழுந்து வந்து, அம்மாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. ரிசர்வ் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு கட்டினார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் மூன்றாம் நாள் என்ன செய்தார் தெரியுமா? யாருக்கும் சொல்லாமல் திரையைத் திறந்து, பத்து என்று இருந்ததை அறுபது ஆக்கிவிட்டார். அறுபது பர்சன்ட்டுக்குக் கீழே பேட்டரி ஒரு சொட்டுக் கொடுக்காது.

அவர் புத்தியில் பேட்டரி என்றால் அது கரண்ட் போகும்போது உதவுகிற சாமான். வீட்டு இன்வெர்ட்டரை முப்பது வருஷம் பார்த்தவர். கரண்ட் இருக்கும்போதே பேட்டரியைத் தீர்ப்பது அவருக்கு ஊதாரித்தனமாகப் பட்டது. அதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் திடீரென்று கரண்ட் போனது. ஹால் கும்மிருட்டு. யாரோ யாரையோ இடித்ததில் தங்கச்சியின் இடது கை கொதிக்கிற ரோலர் மேல் விழுந்துவிட்டது. அப்போது ரிசர்வ் ஜெனரேட்டர் ரூமில், கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த பழைய எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த அலறல் இரண்டு சுவர் தாண்டி வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தழும்பு. அதற்குப் பிறகு ஹாலில் எட்டு எமர்ஜென்சி விளக்கு மாட்டினார், ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே குட்டி பேட்டரி. சனிக்கிழமை தவறாமல் எட்டையும் அமுக்கிப் பார்ப்பார். ஆனாலும் மனசு ஆறவில்லை. தங்கச்சி அதைப் பற்றிப் பேசியதே இல்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது இவ்வளவு பெரிய பேட்டரி கைக்கு வந்திருக்கிறது. அவளுக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்காமல் எப்படி இருப்பது?

இருபத்தொன்பது நாள் ஒரு குறையும் இல்லை. சாதாரண நாளுக்கு, அறுபதுக்கு மேலே இருந்த நாற்பது பர்சன்ட்டே போதுமானதாக இருந்தது. பார்த்தீர்களா, அறுபது மிச்சம் வைத்தும் வண்டி ஓடுகிறது என்று ரிசர்வுக்கு உள்ளூரப் பெருமை.

முப்பதாம் நாள் காலையிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முந்தின நாள் பாலத்தில் தண்ணீர் ஏறி ஆஸ்பத்திரி வண்டி வரவில்லை. அதனால் இரண்டு நாள் துணியும் ஒன்றாக வந்து மலையாகக் குவிந்தது. ஈரக் காற்றில் டிரையர்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று ஓடின. ஐந்து மணிக்கு முன்னால் மீட்டரும் பேட்டரியும் இருக்கிற பேனல் ரூமுக்குத் தங்கச்சி ஒரு கிளாஸ் டீயோடு வந்தாள்.

"கடைசி நாள் அண்ணே. உன் பெட்டிகிட்ட நல்லபடியா நடந்துக்கச் சொல்லு."

"நான் பாத்துக்கறேன். நீ போய் வேலையைப் பாரு."

"நாளைக்கும் ஏழரைக்கு வருவியாம்மான்னு குட்டி கேட்டா. நாளைக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவும் வருவேன்னு சொல்லிட்டேன்."

"இன்னைக்குப் பொழுது முடியறதுக்குள்ள எதுக்கு வாக்குக் குடுத்தே?"

"நீ இருக்கேங்கற தைரியம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் நின்றது. ஆனால் பேட்டரி மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஏழு மணிக்கு அறுபத்தைந்தில் நிற்கிற பெட்டி இன்றைக்கு ஆறு மணிக்கே அங்கே வந்துவிட்டது. வெளியே மின்னல் வெட்டியது. ஆறு பத்துக்குத் திரையில் அறுபது. பச்சை விளக்கு மஞ்சளாக மாறியது. மீட்டர் ஒரே தாவாகத் தாவி இருநூற்று எழுபதுக்குப் போனது.

கை தானாகச் சாவிக்குப் போனது. அறுபதைப் பத்தாக்க வேண்டும், இரண்டு பட்டன் வேலை. அப்போது பார்த்து ஜன்னல் அதிர ஓர் இடி இடித்தது. குழல்விளக்கு ஒருமுறை துடித்துத் திரும்ப எரிந்தது. ரிசர்வ் கையை இழுத்துக்கொண்டார். கரண்ட் போகப் போகிறது. ஆறு வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்த அதே சாயங்காலம் வந்துவிட்டது. இந்த நேரத்தில் போய்ப் பெட்டியைக் காலி பண்ணுவதா?

போன் அடித்தது. பேட்டரிக்காரப் பொண்ணு.

"அண்ணா, எனக்கு அலாரம் அடிக்குது. பேட்டரி தீந்துடுச்சா?"

"இல்லம்மா... இருக்கு."

"எவ்வளவு?"

"அறுபது."

"அறுபது வச்சுக்கிட்டா சும்மா நிக்குது? யார் ஏத்தி வச்சது?"

ரிசர்வ் எதிரில் ஆள் இருப்பதுபோல் திருதிருவென்று விழித்தார்.

"சரி, அது அப்புறம். உடனே பத்துக்கு இறக்கி, முழு வேகத்துல விடுங்க. அரை மணி சராசரிதானே? ஆறரைக்குள்ள இழுத்துப் பிடிச்சிடலாம். நேரம் போனா ஒண்ணும் பண்ண முடியாது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

சொன்னதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். ரோலரை நிறுத்திவிட்டால் மீட்டரும் இறங்கும், தங்கச்சியும் ரோலரை விட்டுத் தள்ளி நிற்பாள், பேட்டரியும் மிஞ்சும் என்று அவர் புத்தி அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. மூன்றும் சரிதான். ரோலரை நிறுத்தினால் நேர் ஷிப்ட் போய்விடும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

"நிறுத்து! ரோலரை நிறுத்தும்மா!"

தங்கச்சி பெட்ஷீட்டின் முனையைப் பிடித்தபடியே திரும்பினாள். "என்னண்ணே உளர்றே? நாமளா நிறுத்துனா எல்லாம் போச்சே!"

"மீட்டர் ஏறுது. பேட்டரி தரலை."

"தீந்துடுச்சா?"

பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். பாவம், அந்த மனிதருக்குப் பொய் வராது. "தீரலை. எடுத்து வச்சிருக்கேன்."

"எடுத்து வச்சிருக்கியா? யாருக்கு?"

அவர் கண் அவளுடைய இடது கையில் போய் நின்றது. வேலைச் சட்டையின் முழுக்கை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு மூடியிருந்தது. "உனக்குத்தான். கரண்ட் போச்சுன்னா... இருட்டுல திரும்ப..."

தங்கச்சி பெட்ஷீட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். பதினோரு பெண்களும் கை வேலையைப் பார்த்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"கை சுட்டு ஆறு வருஷம் ஆச்சு அண்ணே. தோலு வளந்து தழும்பும் ஆயிடுச்சு, நான் அதை மறந்து எவ்வளவோ காலமாச்சு. நீ இன்னும் அதை ஊதிக்கிட்டு நிக்கிறே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? குட்டி முழிச்சிருக்கறப்போ நான் வீட்டுல இருக்கணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தினமும் அவ எட்டு மணிக்கு உன்னைத்தானே கேப்பா, அம்மா எப்ப வரும்னு? உனக்குத் தெரியாதா? இந்த உலகத்துலயே உனக்குத்தான் நல்லாத் தெரியும்!"

ரிசர்வ் தலை குனிந்து நின்றார்.

அவள் கையை நீட்டினாள். கோபம் போய்க் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குன்னுதானே எடுத்து வச்சே? நான்தான் கேக்கறேன். இப்பக் குடு."

யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வயசு மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓடினார். நடைபாதையில் துணி வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அதை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, பேனல் ரூமுக்குள் பாய்ந்து, சாவியைத் திருகி, அறுபதைப் பத்தாக்கி, முழு வேகம் என்ற பட்டனை அழுத்தினார். மணி ஆறு பதினாறு. மஞ்சள் விளக்கு பச்சையானது. மீட்டர் சரசரவென்று நூற்று எழுபதுக்கு இறங்கியது.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. பதினாலு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்று அரை மணிச் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினைந்து, இருநூற்றுப் பத்து, இருநூற்று நாலு. நகருவேனா என்று அடம்பிடித்தது. இருநூற்று ஒன்று. உள்ளங்கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆறரை ஆனதும் மீட்டர் ஒருமுறை சிமிட்டி, அந்த அரை மணியின் முடிவை எழுதிக்கொண்டது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அப்பாடா என்று தான் சேர்த்து வைத்திருந்த ஸ்குரூ டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டார். குத்தியதுகூடத் தெரியவில்லை.

உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. இடி, மின்னல், அடுத்த நொடி எல்லாமே அணைந்துவிட்டது. கரண்ட் போயே போய்விட்டது.

ரிசர்வ் பெட்டியைப் பார்த்தார். திரையில் முப்பத்தாறு பர்சன்ட் என்று இருந்தது. பச்சை விளக்கும் இல்லை, மஞ்சள் விளக்கும் இல்லை. முப்பத்தாறு வைத்துக்கொண்டே பெட்டி செத்தது போல் நின்றது. ஒரு பட்டனை அழுத்தினார், இன்னொன்றை அழுத்தினார். ஊகூம். அறுபது இருந்திருந்தாலும் இதே கதிதான் என்று அப்போது உறைத்தது. இத்தனை நாளாக எதை நம்பிக் காவல் காத்தாரோ, அது அவர் நினைத்த சாமானே இல்லை. பிறகு அந்தப் பழைய அலறல் காதுக்குள் கேட்டது. மூன்று டார்ச்சையும் வாரிக்கொண்டு ஹாலை நோக்கி விழுந்தடித்து ஓடினார்.

அலறல் ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

எட்டு எமர்ஜென்சி விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெள்ளை வெளிச்சத்தில் பன்னிரண்டு பெண்களும் ரோலரிலிருந்து இரண்டடி பின்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்கள். போலீஸ் பிடித்த திருடர்கள் மாதிரி நின்றுகொண்டு, ஓடி வந்த அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன இது?" என்றார் மூச்சு வாங்க.

"கை மேல" என்றாள் தங்கச்சி. அவள் கையும் மேலேதான் இருந்தது. "லைட்டு அணைஞ்சா போதும், ரெண்டடி பின்னால, கை மேல. என் கை ஆறி நான் வேலைக்குத் திரும்பின அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம். புதுசா யாரு வந்தாலும் முதல்ல இதைத்தான் சொல்லிக் குடுப்போம். ஆறு வருஷத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."

"எனக்குச் சொல்லவே இல்லையே?"

"நீ எங்க கேட்டே? கரண்ட் போனா நீ ஜெனரேட்டர் ரூம்லதானே இருப்பே. இன்னைக்குத்தான் முதல் தடவையா இங்க வந்திருக்கே."

மடிக்கிற இடத்தில் இருந்த பெண் ஒருத்தி, "ரிசர்வ் அண்ணே, நீங்களும் தூக்குங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள். "அவரு எப்படித் தூக்குவாரு, கை நிறைய டார்ச்சு" என்றாள் இன்னொருத்தி. ஹாலே கொல்லென்று சிரித்தது. ரிசர்வும் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. மூன்று டார்ச்சையும் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கத் தெரியாமல் நின்றார். தங்கச்சி கையை இறக்கி, தன் சட்டை முனையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

எட்டு நிமிஷத்தில் கரண்ட் வந்தது. ஏழு மணிக்கு மேனேஜரும், மழையில் நனைந்துபோய் வந்த பேட்டரிக்காரப் பொண்ணும் பேனல் ரூமில் நின்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் ரிசர்வே முந்திக்கொண்டார்.

"அறுபதா ஏத்தி வச்சது நான்தான் சார். பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கரண்ட் போனா உதவுமேன்னு..."

"கரண்ட் போனா இந்தப் பெட்டியும் கூடவே நின்னுடும் அண்ணா" என்றாள் அவள். "வெளியில கம்பத்துல ஏறி வேலை செய்யறவங்களுக்கு இதுலேருந்து ஷாக் அடிச்சிடக் கூடாதுன்னு அப்படித்தான் வச்சிருக்கோம். முதல் நாளே சொன்னேனே!"

"அப்ப நான் ஒரு நட்டைத் தேடிக்கிட்டு இருந்தேம்மா."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மீட்டரைக் குனிந்து படித்தார். முப்பது நாளிலேயே பெரிய எண் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அயர்னை யாரும் நிறுத்தவில்லை, நின்றது கரண்ட் போனதால்தான். "நாளையிலேருந்து நிரந்தரமா நேர் ஷிப்ட்தான்" என்றார். வாசலில் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் போட்ட கூச்சலில் அவர் அடுத்துச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ரிசர்வுக்கு மட்டும் கேட்டது. "அந்தச் சாவியை உங்க தங்கச்சிகிட்டக் குடுத்துடுங்க" என்றார் மேனேஜர். ரிசர்வ் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

அண்ணனும் தங்கச்சியும் வாசல் கேட்டுக்கு வந்தபோது மழை விட்டபாடில்லை. ரிசர்வ் தோள்பைக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த புதுக் குடையை எடுத்தார். உறையைக் கிழித்தார். படக்கென்று விரித்துத் தங்கச்சி கையில் கொடுத்தார். கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுவா? இது அவசரத்துக்கு வச்சதாச்சே அண்ணே!"

"குட்டி முழிச்சிருக்கா. நட சீக்கிரம்."

அவர் கம்பி வளைந்த பழசைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நடந்தார்கள். முழங்கால் வரைக்கும் நனைந்தது. வீட்டுப் படி ஏறி, தங்கச்சி கதவைத் தள்ளவும், தெரு முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தது. ரிசர்வின் கை டார்ச்சைத் தேடிப் பைக்குள் போனது, பழக்கம் எங்கே போகும்.

இருட்டுக்குள்ளிருந்து குட்டியின் குரல் கணீரென்று வந்தது. "கை மேல!"

"இவளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கியா?" என்றார் ரிசர்வ்.

"எங்க ஆளுங்க எல்லாருக்கும்" என்றாள் தங்கச்சி. அவள் ஏற்கெனவே குடையோடு கையைத் தூக்கியிருந்தாள்.

"மாமா, நீயும் தூக்கிட்டியா?" என்று குட்டி கேட்டாள்.

"தூக்கிட்டேன் கண்ணு" என்றார் ரிசர்வ். இருட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் பையையும் குடையையும் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் உண்மையாகவே தூக்கிக்கொண்டு நின்றார்.